பிரிஸ்டல், 1963: யாரும் போடாத தடை

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பஸ் ஓட்டிய பிரிஸ்டல் ஆம்னிபஸ் கம்பெனிக்கு 1963-இல் ஆள் பற்றாக்குறை. சம்பளம் குறைவு, வேலை நேரம் தாறுமாறு. அதனால் உள்ளூர்க்காரர்கள் டிரைவர், கண்டக்டர் வேலைக்கு வரத் தயங்கினார்கள். அந்த ஏப்ரல் மாதம் ஒருவர் கம்பெனிக்குத் தொலைபேசியில் பேசி, கண்டக்டர் வேலை காலி இருக்கிறதா என்று விசாரித்தார். இருக்கிறது என்றார்கள். தனக்குத் தெரிந்த ஓர் இளைஞரை அனுப்பலாமா என்று கேட்டார். தாராளமாக அனுப்புங்கள் என்று நேர்காணலுக்கு நேரமும் கொடுத்தார்கள்.

போனவர் கை பெய்லி. ஜமைக்காவிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்தவர், பதின்பருவம் தாண்டாதவர். பகலில் வேலை, மாலையில் இரவுப் பள்ளி, ஓய்வு நாளில் கிரிக்கெட். கிறிஸ்தவச் சிறுவர் அமைப்பான பாய்ஸ் பிரிகேடில் பொறுப்பு வேறு. அன்று நடந்ததைப் பெய்லி பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். வரவேற்பு மேசையில் இருந்த பெண் அவரை ஏறிட்டுப் பார்த்தார். உள்ளே போய் மேலாளரிடம், இரண்டு மணிக்கு வரவேண்டியவர் வந்துவிட்டார், ஆனால் அவர் கறுப்பர் என்றார். காலியிடமெல்லாம் நிரம்பிவிட்டது என்று சொல்லி அனுப்பிவிடு என்று உள்ளிருந்து பதில் வந்தது. வெளியே நின்ற பெய்லியின் காதில் இரண்டுமே விழுந்தன. சற்று முன்னர்தான் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொண்டார்களே என்று அவர் வாதாடியும் பயனில்லை.

தொலைபேசியில் பேசியவர் அந்த ஊரின் இளைஞர் நலப் பணியாளர் பால் ஸ்டீஃபன்சன். என்ன நடக்கும் என்று எதிர்பார்த்துத்தான் பெய்லியை அனுப்பினார். இதை வெறும் வேலை மறுப்பு என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால் இந்த நிகழ்வின் பாதி நமக்குக் கிடைக்காது. பஸ்ஸில் கறுப்பர்களைச் சேர்க்கக் கூடாது என்று கம்பெனியின் எந்த விதிப்புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. கம்பெனியைக் கேட்டால் தொழிலாளிகள் ஒப்பமாட்டார்கள் என்பார்கள். சங்கத்தைக் கேட்டால் ஆள் எடுப்பது கம்பெனியின் வேலை, எங்களை ஏன் கேட்கிறீர்கள் என்பார்கள். மாநகராட்சியைக் கேட்டால் அன்றாட நிர்வாகத்தில் தலையிடுவதில்லை என்று கைவிரிப்பார்கள். ஊரறிந்த தடை, ஆனால் போட்டவர் யாரும் கிடையாது. பிரிஸ்டலில் அடுத்த நான்கு மாதம் நடந்தது, சுருங்கச் சொன்னால், இந்தத் தடைக்கு ஒரு சொந்தக்காரரைக் கண்டுபிடிக்கும் வேலை.

பிரிஸ்டல் தென்மேற்கு இங்கிலாந்தின் துறைமுக நகரம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆப்பிரிக்க அடிமை வணிகத்தில் கொழுத்த ஊர்களில் ஒன்று. அறுபதுகளின் தொடக்கத்தில் அங்கே ஏறக்குறைய 3,000 மேற்கிந்தியர்கள் இருந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படையில் இருந்தவர்களும் அவர்களில் உண்டு. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி பிரிட்டனில் வந்து வாழவும் வேலை செய்யவும் உரிமை பெற்றவர்கள். சட்டம் உரிமை கொடுத்தது, ஊர் வீடு கொடுக்கவில்லை. வாடகைக்கு வீடு கேட்டால் கதவு சாத்தப்படும். ஆகவே செயின்ட் பால்ஸ் பகுதியில், சிட்டி ரோட்டை ஒட்டிய பழைய வீடுகளில் நெருக்கியடித்து இருந்தார்கள். தெருவில் வெள்ளைக்கார இளைஞர் கும்பல்களின் அடி உதைக்கும் அஞ்ச வேண்டியிருந்தது.

கம்பெனியில் கறுப்பர்களே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். பட்டறையில் இருந்தார்கள், கேன்டீனில் இருந்தார்கள். பஸ்ஸைப் பழுது பார்க்கலாம், கழுவலாம், டிரைவருக்குச் சாப்பாடு பரிமாறலாம். சீருடை போட்டுப் பயணிகள் முன்னால் டிக்கெட் கிழிக்க மட்டும் கூடாது. ராய் ஹாக்கெட் என்ற ஜமைக்கர் பிற்பாடு இந்தப் போராட்டத்தின் தூண்களில் ஒருவரானார். அவருடைய மனைவி 1962-இல் இதே கண்டக்டர் வேலைக்கு மனுப் போட்டு மறுக்கப்பட்டவர். பெய்லிக்கு நடந்தது ஹாக்கெட் வீட்டுக்குப் பழைய செய்தி.

இனி தொழிற்சங்கம். இந்தப் பகுதியைப் பற்றி எழுதும்போது பலரும் தொழிலாளிகளை வெறும் நிறவெறியர்களாகக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். கணக்கு அவ்வளவு எளிது இல்லை. பஸ் தொழிலாளியின் அடிப்படைச் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாது. ஓவர்டைம் பார்த்தால்தான் வாரக் கடைசியில் கையில் நாலு காசு நிற்கும். ஆள் பற்றாக்குறை இருக்கும் வரைதான் ஓவர்டைம் இருக்கும். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து ஆள் எடுக்கத் தொடங்கினால் பற்றாக்குறை தீரும், ஓவர்டைம் போகும், குறைந்த சம்பளமும் அப்படியே உறைந்துவிடும் என்பது அவர்களுடைய பயம். பிரிஸ்டலில் மட்டும் இருந்த பயமும் இல்லை இது. பர்மிங்ஹாமுக்குப் பக்கத்தில் வெஸ்ட் பிராம்விச் நகரில் 1955-இல் ஒரே ஓர் இந்தியரைப் பயிற்சிக் கண்டக்டராக எடுத்ததற்கு எதிராகப் பஸ் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

அதே 1955-இல்தான் பிரிஸ்டலில் போக்குவரத்து மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கத்தின் பயணிகள் சேவைப் பிரிவு, நிறத்தவரைப் பஸ் பணியாளர்களாக எடுக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டது. ஒரு கறுப்பர் கண்டக்டராகப் படியில் கால் வைத்தாலும் அத்தனை சக்கரமும் நிற்கும் என்று சங்கம் சொல்லியிருந்ததாக அன்று அந்த ஊரில் இருந்த திருச்சபைப் பணியாளர் ஒருவர் நினைவுகூர்ந்திருக்கிறார்.

பயம் வயிற்றைப் பற்றியது என்பதை ஒப்புக்கொண்ட பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. புதிதாக யார் சேர்ந்தாலும் ஓவர்டைம் குறையத்தானே செய்யும்? வெள்ளைக்காரர் ஒருவர் வேலைக்குச் சேர்ந்ததை எதிர்த்து எந்தப் பிரிவும் தீர்மானம் போட்டதில்லை. சம்பளத்தை உயர்த்து என்று கம்பெனியோடு மோத வேண்டிய சங்கம், வேலை கேட்டு வாசலில் நின்றவனோடு மோதியது. கம்பெனிக்கு அது வசதி. வயிற்றுப் பயத்தை நிறத்தின் மேல் திருப்பிவிட்டால் சம்பளக் கேள்வி தானாக அடங்கிவிடும்.

1961-இல் பிரிஸ்டல் ஈவினிங் போஸ்ட் பத்திரிகை இந்தத் தடையை அம்பலப்படுத்தியது. பஸ் சேவையில் மாநகராட்சிக்கும் பங்கு உண்டு. அதற்கென ஒரு கூட்டுப் போக்குவரத்துக் குழு இருந்தது. கம்பெனியின் பொது மேலாளர் இயன் பேட்டி அந்தக் குழுவின் முன் வந்து, பல ஊர்களில் நிறத்தவரைச் சேர்த்ததால் வேலையின் மதிப்பு இறங்கியது, இருந்த வெள்ளைத் தொழிலாளிகளும் போய்விட்டார்கள் என்று விளக்கினார். தடை அப்படியே தொடர்ந்தது. பத்திரிகை வெளியிட்டாகிவிட்டது, பொது மேலாளர் விளக்கியாகிவிட்டது, குழு கேட்டாகிவிட்டது. எல்லோருடைய கடமையும் முடிந்தது. அடுத்த இரண்டு ஆண்டு எதுவும் அசையவில்லை. அம்பலப்படுத்தினாலே அநீதி வெட்கப்பட்டு ஓடிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டு ஆண்டை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ராய் ஹாக்கெட், ஓவன் ஹென்றி, ஆட்லி இவான்ஸ், பிரின்ஸ் பிரவுன் ஆகிய நால்வரும் சேர்ந்து மேற்கிந்திய வளர்ச்சிக் கவுன்சில் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஏற்கெனவே இருந்த மேற்கிந்தியச் சங்கம் மனுக் கொடுப்பதோடு நின்றுவிடுகிறது என்ற கோபத்தில் பிறந்தது இது. நன்றாகப் பேசக்கூடிய ஒருவர் தேவைப்பட்டபோது ஸ்டீஃபன்சன் கிடைத்தார். அவர் எசெக்ஸ் மாவட்டத்தில் 1937-இல் பிறந்தவர். தந்தை மேற்கு ஆப்பிரிக்கர், தாய் ஆங்கிலேயர். விமானப்படையில் பணியாற்றியவர், பிரிஸ்டலுக்கு இளைஞர் நலப் பணியாளராக வந்தவர். ஊருக்குத் திரும்பிப் போ என்று அவரிடம் யாராவது சொன்னால், அவர் போக வேண்டிய ஊர் எசெக்ஸ்தான். அமெரிக்காவின் மான்ட்கமரியில் நடந்த பஸ் புறக்கணிப்பை அவர் கூர்ந்து கவனித்து வந்தார்.

பெய்லியை அனுப்பியது ஸ்டீஃபன்சனின் கணக்கு. ஆங்கிலம் போதாது, படிப்பு போதாது, நடத்தை சரியில்லை என்று எந்தச் சாக்கும் சொல்ல முடியாத ஒருவரை நிறுத்தினால், மறுப்புக்கு நிறத்தைத் தவிர வேறு காரணம் மிஞ்சாது. இந்த உத்தியில் எனக்கொரு உறுத்தல் உண்டு. சாதாரண ஒருவருக்குக் கிடைக்கும் சாதாரண வேலை கறுப்பருக்குக் கிடைக்க, அவர் குற்றமே சொல்ல முடியாதவராக இருக்க வேண்டியிருந்தது. ஆனால் நிரூபணம் என்று வந்துவிட்டால் வேறு வழியும் தெரியவில்லை. இன்றும் வீடு, வேலை மறுப்பைச் சோதிக்கிறவர்கள் இதையேதான் செய்கிறார்கள்: எல்லாத் தகுதியும் சமமாக வைத்து ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது.

ஏப்ரல் 29 அன்று பத்திரிகையாளர்களைக் கூட்டி, நாளை முதல் பிரிஸ்டல் பஸ்களைப் புறக்கணிக்கிறோம் என்று அறிவித்தார்கள். மறுநாள் முதல் மேற்கிந்தியர்கள் பஸ் ஏறவில்லை என்று கவுன்சில் சொன்னது. வெள்ளையர்கள் பலரும் சேர்ந்துகொண்டார்கள். ஹாக்கெட்டும் அவருடைய ஆட்களும் ஃபிஷ்பாண்ட்ஸ் சாலையில் பஸ்களை வழிமறித்தார்கள். மே 1-ஆம் தேதி பிரிஸ்டல் பல்கலைக்கழக மாணவர்கள் நூறு பேர் அளவில் பஸ் நிலையத்துக்கும் சங்க அலுவலகத்துக்கும் ஊர்வலம் போனார்கள். வழியில் டிரைவர்களும் கண்டக்டர்களும் அவர்களைக் கேலி செய்து கூச்சலிட்டார்கள்.

மான்ட்கமரியோடு இதை ஒப்பிடுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் ஒப்பீடு ஓரளவுக்கு மேல் ஓடாது. மான்ட்கமரியில் பஸ் பயணிகளில் பெரும்பான்மையினர் கறுப்பர்கள். அவர்கள் 381 நாள் நடந்தே போனபோது கம்பெனியின் கல்லாப்பெட்டி காலியானது. பிரிஸ்டலின் மக்கள்தொகை நான்கு லட்சத்துக்கும் மேல். அதில் மூவாயிரம் பேர் பஸ் ஏறாவிட்டால் மாதக் கணக்கு எழுதுகிற குமாஸ்தாவுக்குக்கூடத் தெரிந்திருக்காது. மான்ட்கமரியில் இருந்தது யார் எங்கே உட்காருவது என்ற சட்டம். அதை நீதிமன்றத்தில் உடைக்கலாம். பிரிஸ்டலில் பெய்லி பஸ்ஸில் எந்த இருக்கையிலும் உட்காரலாம். வேலை மட்டும் கேட்கக் கூடாது. அதைத் தடுக்க 1963-இல் பிரிட்டனில் எந்தச் சட்டமும் இல்லை. நிறத்தைக் காரணம் காட்டி வேலை மறுப்பது அப்போது முழுக்கச் சட்டப்படியான செயல். ஃபென்னர் பிராக்வே என்ற தொழிற்கட்சி உறுப்பினர் நாடாளுமன்றத்தில் பாகுபாட்டுத் தடை மசோதாவை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தும் அது நிறைவேறவில்லை.

ஆக, பணமும் கையில் இல்லை, சட்டமும் கையில் இல்லை. இருந்தது ஒன்றுதான்: இதுவரை ஜாடையாகச் சொன்னதை வாய்விட்டுச் சொல்லவைப்பது. பத்திரிகைகள் கேள்வி கேட்க ஆரம்பித்ததும் பொது மேலாளர் இயன் பேட்டி அதைச் சொன்னார். நிறத்தவர் பஸ்ஸில் வந்தால் வெள்ளைத் தொழிலாளிகள் படிப்படியாக விலகிவிடுவார்கள் என்றார். லண்டனைப் பாருங்கள், அங்கே ஜமைக்காவிலேயே ஆள் எடுக்கிறார்கள், பயணச் செலவுக்கும் உதவுகிறார்கள், அதனால் வெள்ளை ஆட்கள் குறைந்துகொண்டே போகிறார்கள் என்றார். நிறத்தவர் மேற்பார்வையாளராக இருக்கும் இடத்தில் எந்த வெள்ளைக்காரன் சேருவான் என்று கேட்டார். சில மாதம் வேலை பார்த்ததும் அவர்கள் திமிர்பிடித்து மரியாதை கெட்டவர்களாகிவிடுவதாக லண்டனிலிருந்து கேள்விப்பட்டதாகவும் சேர்த்துக்கொண்டார்.

பேச்சில் கவனிக்க வேண்டியது அந்தக் கடைசிப் பகுதி. அதுவரை அவர் தன்னை ஒரு நடுவராகவே காட்டிக்கொண்டார்: எனக்கொன்றும் இல்லை, தொழிலாளிகள்தான். ஆள் கணக்கிலிருந்து திமிருக்குத் தாவியதும் அந்தத் திரை விழுந்துவிட்டது. தடைக்கு ஒரு சொந்தக்காரர் கிடைத்தார்.

தொழிற்கட்சியின் டோனி பென் பிரிஸ்டல்காரர்களுக்கு நெருங்கியவர். சைக்கிள் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தாலும் பஸ் ஏறமாட்டேன் என்று அறிவித்தார். அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஹரால்டு வில்சன், லண்டனில் நடந்த நிறவெறி எதிர்ப்புக் கூட்டமொன்றில் பிரிஸ்டல் போராட்டத்தை ஆதரித்துப் பேசினார். அந்தக் கூட்டம் தென்னாப்பிரிக்காவைப் பற்றியது. சங்கத்தின் தேசியத் தலைமைக்கும் தென்னாப்பிரிக்க நிறவெறி பிடிக்காது. ஈவினிங் போஸ்ட் இந்த இடத்தில்தான் கை வைத்தது: அங்கே உள்ளதை எதிர்க்கிறீர்கள், உங்கள் சொந்த அணியில் பரவியிருப்பதற்கு என்ன செய்தீர்கள் என்று தலையங்கத்தில் கேட்டது.

சங்கத்தின் வட்டாரத் தலைமை இதைக் கையாண்ட விதம் அசிங்கமானது. கவுன்சிலின் தூதுக்குழுவைச் சந்திக்கவே மறுத்தது. அமைதியாகப் பேசித் தீர்க்கலாம் என்று ஓர் அறிக்கையில் தன் கறுப்பு உறுப்பினர் ஒருவரிடமே கையெழுத்து வாங்கியது. வட்டாரச் செயலாளர் ரான் நெதர்காட், டெய்லி ஹெரால்டு பத்திரிகையில் ஸ்டீஃபன்சனின் நேர்மையையே தாக்கிப் பேசினார். ஸ்டீஃபன்சன் சும்மா விடவில்லை. அவதூறு வழக்குப் போட்டார். டிசம்பர் 1963-இல் உயர் நீதிமன்றம் அவருக்கு 500 பவுண்டு இழப்பீடும் வழக்குச் செலவும் வழங்கியது. பெய்லிக்கு வேலை மறுத்ததற்கு எந்த நீதிமன்றத்திலும் வழக்குப் போட முடியாத அதே ஆண்டில், அதைத் தட்டிக்கேட்டவரைத் திட்டியதற்கு 500 பவுண்டு கிடைத்தது.

திருச்சபையும் பெரிதாகப் பெருமைப்பட்டுக்கொள்ள முடியாது. பிஷப்பும் நகரத்தின் கிறிஸ்தவச் சபைகளின் மன்றமும் விடுத்த அறிக்கையில், இந்தப் பிரச்சினையால் நீண்ட இன மோதல் உருவாகக்கூடும் என்றும், தங்களைப் பிரதிநிதிகள் என்று சொல்லிக்கொள்ளும் மேற்கிந்தியச் சிறு குழு ஒன்று அதை வேண்டுமென்றே உண்டாக்கியிருப்பதாகத் தெரிகிறது என்றும் வருந்தினார்கள். வேலைக்குச் சேர்ப்பதில்லை என்று எட்டு ஆண்டுக்கு முன் தீர்மானம் போட்டவர்கள் மோதலைத் தொடங்கியவர்களாக அவர்கள் கண்ணுக்குப் படவில்லை. கன்னத்தில் விழுந்த அறை யாருக்கும் கேட்பதில்லை, அழுகைச் சத்தம் மட்டும்தான் அண்டை வீட்டை எழுப்புகிறது.

கிரிக்கெட் பிரியர்களுக்காக ஒன்று. ஃபிராங்க் வொரல் தலைமையிலான மேற்கிந்திய அணி அந்தக் கோடையில்தான் இங்கிலாந்தில் சுற்றுப்பயணம் செய்தது. மே மாத முதல் வாரம் குளோஸ்டர்ஷயருக்கு எதிரான ஆட்டம் பிரிஸ்டலில். போராட்டக்காரர்கள் அணியின் ஆதரவைக் கேட்டார்கள். விளையாட்டும் அரசியலும் கலக்கக் கூடாது என்று அணி வெளிப்படையாக ஆதரிக்க மறுத்துவிட்டது. இதைக் கோழைத்தனம் என்று எழுதியவர்கள் உண்டு. நான் அந்தப் பக்கம் போகமாட்டேன். ஒரு கறுப்பர் மேற்கிந்திய அணிக்கு முழுநேரத் தலைவராக நியமிக்கப்பட்டு மூன்று ஆண்டுதான் ஆகியிருந்தது. அந்த அணியின் தலையில் வேறு பாரமும் இருந்தது.

ஆனால் ஆட்டம் பார்க்க வந்த ஒரு முன்னாள் ஆட்டக்காரர் வாய் மூடிக்கொண்டிருக்கவில்லை. லியரி கான்ஸ்டன்டைன். முப்பதுகளில் லங்காஷயர் லீகில் நெல்சன் ஊருக்கு ஆடி வடக்கு இங்கிலாந்து முழுக்கப் பெயர் வாங்கியவர். 1963-இல் அவர் டிரினிடாட் டொபேகோவின் லண்டன் ஹைகமிஷனர். பாகுபாடு என்றால் என்னவென்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1943-இல் லார்ட்ஸ் மைதானத்தில் ஆடுவதற்காக லண்டனுக்கு மனைவி, மகளோடு வந்தவர், முன்பதிவு செய்திருந்த இம்பீரியல் ஹோட்டலில் தங்கக் கூடாது என்று விரட்டப்பட்டார். அங்கே தங்கியிருந்த அமெரிக்கப் படைக்காரர்களுக்குப் பிடிக்காது என்பது ஹோட்டல் சொன்ன காரணம். கவனியுங்கள், அங்கேயும் ஹோட்டலுக்கு ஒன்றும் இல்லையாம், மற்றவர்களுக்குத்தான் பிடிக்காதாம். கான்ஸ்டன்டைன் வழக்குப் போட்டு 1944-இல் வென்றார். வென்றது நிறப் பாகுபாட்டுச் சட்டத்தால் இல்லை, அப்படியொரு சட்டம் இருக்கவில்லை. காரணமில்லாமல் பயணியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று விடுதிக்காரர்களுக்குப் பழங்காலத்திலிருந்து இருந்த பொதுச்சட்டக் கடமையைப் பிடித்துத்தான் நீதிபதி தீர்ப்புச் சொன்னார். இழப்பீடு ஐந்து கினி, அதாவது ஐந்தேகால் பவுண்டு.

அந்தப் பழைய விடுதிச் சட்டம் பஸ் கம்பெனிக்குப் பொருந்தாது. ஆகவே கான்ஸ்டன்டைன் வேறு வழியில் போனார். பொது மேலாளருக்கும் ஸ்டீஃபன்சனுக்கும் கடிதம் எழுதினார், பத்திரிகைகளிடம் பேசினார், மேயரையும் சங்கத்தின் பொதுச்செயலாளர் ஃபிராங்க் கசின்ஸையும் சந்தித்தார். முக்கியமாக, பிரிஸ்டலைத் தாண்டி மேலே போனார். பிரிஸ்டல் ஆம்னிபஸ் அரசுடைமைக் கம்பெனி. அதன் பங்குகள் அரசின் போக்குவரத்து ஹோல்டிங் கம்பெனி வசம் இருந்தன. தாய்க் கம்பெனியின் தலைவரிடம் போய், இதுதான் உங்கள் கொள்கையா என்று கேட்டார். இல்லை, நிறப் பாகுபாடு எங்கள் கொள்கை கிடையாது என்று பதில் வந்தது. சங்கத்தோடு பேச அதிகாரிகளை அனுப்பவும் அவர்கள் இசைந்தார்கள்.

என் பார்வையில் முடிச்சு அவிழ்ந்த இடம் இது. கீழே, கம்பெனி சங்கத்தையும் சங்கம் கம்பெனியையும் மாறி மாறிக் கைகாட்டிக்கொண்டிருந்தன. மேலே போனால் இரண்டு தலைமைகளும், எங்களுக்கு இதில் சம்பந்தமில்லை என்றன. இல்லை என்று வாயால் சொல்லிவிட்ட பிறகு, இருக்கிற தடையை வைத்துக்கொண்டிருக்க வட்டார அதிகாரிகளுக்கு நிழல் கிடைக்கவில்லை. ஊர்வலம் இல்லாமல் இந்தக் கேள்வி லண்டன் வரை போயிருக்காது. கான்ஸ்டன்டைன் போன்ற ஒருவர் கேட்காமல் அதற்குப் பதிலும் வந்திருக்காது. தெருவும் அறையும் இரண்டும் தேவைப்பட்டன. போராட்ட வரலாற்றில் தெருப் பகுதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறோம், படம் எடுக்க அதுதான் தோதாக இருக்கிறது.

இதற்குக் கான்ஸ்டன்டைன் விலை கொடுத்தார். வேறு நாட்டின் தூதர் உள்ளூர் விவகாரத்தில் மூக்கை நுழைப்பதா என்று பிரிட்டிஷ் அரசுக்குக் கோபம். தன்னைக் கேட்காமல் இறங்கிவிட்டார் என்று அவருடைய சொந்தப் பிரதமர் எரிக் வில்லியம்ஸுக்கும் அதிருப்தி. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அவர் பதவியை விட்டு விலகினார். 1969-இல் பிரபுக்கள் சபைக்கு நியமிக்கப்பட்டார். அங்கே உட்கார்ந்த முதல் கறுப்பர் அவர்தான்.

பேச்சுவார்த்தை மாதக்கணக்கில் இழுத்தது. ஆகஸ்ட் 27 அன்று பஸ் தொழிலாளிகள் 500 பேர் கூடிய கூட்டத்தில் நிறத்தடையை நீக்கச் சம்மதித்தார்கள். மறுநாள், ஆகஸ்ட் 28, இனிப் பஸ் பணியாளர்களை எடுப்பதில் பாகுபாடு இராது, வேலைக்குத் தகுதியானவரா என்பது மட்டுமே பார்க்கப்படும் என்று பொது மேலாளர் அறிவித்தார். வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் தன் கனவைப் பற்றிப் பேசியதும் அதே நாளில்தான். திட்டமிட்டதல்ல, தற்செயல்.

செப்டம்பர் 17 அன்று பிரிஸ்டல் பஸ்ஸில் வெள்ளையரல்லாத முதல் கண்டக்டர் வேலைக்கு வந்தார். பெயர் ரக்பீர் சிங், ஒரு சீக்கியர். சில நாள் கழித்து இரண்டு ஜமைக்கர்களும் இரண்டு பாகிஸ்தானியர்களும் சேர்ந்தார்கள். மேற்கிந்தியர்கள் தொடங்கிய போராட்டத்தில் முதல் பலன் ஓர் இந்தியருக்குக் கிடைத்தது. அறுபதுகளின் பிரிட்டனில் இவர்கள் எல்லோரும் 'நிறத்தவர்' என்ற ஒரே பட்டியில் அடைக்கப்பட்டவர்கள். கதவு திறந்தபோதும் எல்லோருக்கும் சேர்த்தே திறந்தது. சக்கரங்கள் நிற்கவில்லை. ஒட்டுமொத்தமாக வெள்ளைத் தொழிலாளிகள் வேலையை விட்டு ஓடவும் இல்லை.

பெய்லி அந்த வேலைக்குப் போகவில்லை. அவமானப்பட்ட வாசலுக்கு மறுபடி போக மனம் வரவில்லை என்பது புரிந்துகொள்ளக்கூடியதே. மறு ஆண்டு பிரிஸ்டல் மேற்கிந்தியக் கிரிக்கெட் கிளப்பைத் தொடங்கியவர்களில் அவர் ஒருவர். எண்பதுகளில் வாடகை வீடு கிடைக்காத மக்களுக்காக வீட்டுவசதிச் சங்கம் அமைப்பதில் இறங்கினார். ஸ்டீஃபன்சன் 1964-இல் ஊரிலுள்ள பே ஹார்ஸ் மதுக்கடையில், வெளியே போ என்றதற்கு மறுத்து உட்கார்ந்திருந்தார். போலீஸ் கைது செய்தது. வழக்கு நீதிமன்றத்தில் நிற்கவில்லை. ஹாக்கெட் செயின்ட் பால்ஸ் திருவிழாவைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். 

சட்டத்தின் கதைக்கு வருவோம். 1964-இல் பிரதமரான வில்சன் மறு ஆண்டு இன உறவுகள் சட்டத்தைக் கொண்டுவந்தார். பிரிஸ்டல்தான் அதற்குக் காரணம் என்று சொல்வது மிகை. காரணங்கள் பல, அவற்றில் பிரிஸ்டலும் ஒன்று. 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் படித்துப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். ஹோட்டல், மதுக்கடை, திரையரங்கு, பஸ் போன்ற பொது இடங்களில் பாகுபாடு காட்டக் கூடாது என்றது. வேலையும் வீடும் அதில் இல்லை. அதாவது பே ஹார்ஸில் உட்கார்ந்த ஸ்டீஃபன்சனுக்கு அந்தச் சட்டம் உதவியிருக்கும். ஆம்னிபஸ் கம்பெனி வாசலில் நின்ற பெய்லிக்கு ஒன்றும் செய்திருக்காது.

வேலையும் வீடும் 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் சேர்ந்தன. அதிலும் ஒரு சந்து வைத்தார்கள். பணியிடத்தில் வெவ்வேறு இனத்தவர் நியாயமான அளவில் கலந்திருப்பதைக் காக்க நல்லெண்ணத்தோடு செய்தால், வேலை மறுப்பு சட்டமீறல் ஆகாது என்று ஒரு விலக்கு. நிறத்தவர் அதிகமானால் வெள்ளையர் போய்விடுவார்கள் என்று 1961-இல் குழுவின் முன் பொது மேலாளர் சொன்ன வாதம், கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு சட்டப் பிரிவாக வந்து உட்கார்ந்தது. புகார் கொடுப்பவர் நேரடியாக நீதிமன்றம் போகவும் முடியாது. இதற்கென இருந்த இன உறவுகள் வாரியம்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த விலக்கை எடுத்துவிட்டு, வேலை மறுக்கப்பட்டவர் தானே தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று ஆக்கியது 1976-ஆம் ஆண்டுச் சட்டம். நடுநிலை போலத் தோன்றும் நிபந்தனையால் ஓர் இனத்தவரை மொத்தமாக வெளியே தள்ளினால் அதுவும் பாகுபாடே என்பதையும் அதுதான் முதலில் ஏற்றுக்கொண்டது. பெய்லி திருப்பி அனுப்பப்பட்டுப் பதின்மூன்று ஆண்டு கழிந்திருந்தது.

ஸ்டீஃபன்சனுக்கு 2009-இல் அரசு விருது கொடுத்தது. சங்கம் 1955-ஆம் ஆண்டுத் தீர்மானத்தைப் பற்றி நெடுங்காலம் வாய் திறக்கவில்லை. அமிகஸ் என்ற இன்னொரு சங்கத்தோடு இணைந்து யுனைட் என்ற பெயரில் வந்த பிறகு, 2013 பிப்ரவரியில், அன்று சங்கம் நடந்துகொண்ட விதத்துக்கு மன்னிப்புக் கேட்டது.